உமையாள் ஆச்சியின் வலது தோள்

தோள்பட்டையைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக டாக்டர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் புத்தகத்தில் இல்லாத வித்தை எதுவும் என்னிடம் கிடையாது. எந்த நார் எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு காலம் கட்டிவைப்பது, எப்போது அசைக்கத் தொடங்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் எங்களுக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஒற்றை டாக்டராக இருந்தவன் நான். பேதி, பிரசவம், பாம்புக்கடி எல்லாம் பார்த்தேன். அவையெல்லாம் ஒன்று தீரும், இல்லையென்றால் ஆளைத் தீர்த்துவிடும். தோள் இரண்டும் செய்யாது. வாரக்கணக்கில் அதே முனகல், அதே முகம், விரல்கடை முன்னேற்றம். வைத்தியம் செய்கிறவனுக்கே சலித்துப்போகும். நோயாளிக்குச் சலிப்பதைச் சொல்லவே வேண்டாம்.

நாட்டரசன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். பூட்டிய மாடு மிரண்டு இழுத்ததில் தோள் நார் கிழிந்திருந்தது. கையை உயர்த்தித் துணியால் ஏணைபோலக் கட்டி, இந்தப் போகம் ஏரைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் பொய்த்தபிறகு பெய்த மழை அது. அவர் திரும்பி வரவில்லை. பிறகொரு நாள் சந்தையில் பார்த்தேன். வலது கை விலாவோடு ஒட்டிக்கிடக்க, இடது கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சியைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட முயன்றார், ஒரு கைதான் வந்தது. வெள்ளாமை நன்றாக வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். மேற்கொண்டு என்ன பேசுவது? அவர் செய்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னதும் தப்பில்லை. இப்படித்தான் இந்த வேலை முழுக்க.

ஆனால் நான் சொல்ல நினைத்தது உமையாள் ஆச்சியின் தோளைப் பற்றி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ரங்கூனில் வியாபாரம் சரிந்து, போனவர்கள் திரும்பவும் முடியாமல் அங்கே இருக்கவும் முடியாமல் தவித்த காலம். ஆச்சியின் ஒரே மகனும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி கணவரை இழந்தவர், அறுபது வயது இருக்கும். வேலைக்காரர்களைத் தவிர அவரும் மருமகள் மெய்யம்மையுமாகத்தான் அத்தனை பெரிய வீட்டில் இருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமான பெண்கள் எல்லோருமே ஆச்சிதான். குழப்பம் வராமலிருக்க மருமகளை நான் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

ஆச்சி கிணற்றடியில் பாசியில் வழுக்கி, விழாமலிருக்க வலது கையால் தூணை எட்டிப் பிடித்திருக்கிறார். உடம்பின் பாரமெல்லாம் அந்தத் தோளில் தொங்கியிருக்கிறது. எலும்பு கட்டுகிறவரை வரவழைத்து, முட்டையும் உளுந்துமாவும் குழைத்துப் பற்றுப்போட்டு, கையை மார்போடு சேர்த்து இறுகக் கட்டிவிட்டார்கள். கட்டை நெடுநாள் பிரிக்கவில்லை. பிரித்தபோது கை மரக்கட்டையாகியிருந்தது. காரில் மதுரைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னதை, ஒன்றுமேயில்லை என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆச்சி வேண்டுமென்றே கையைத் தூக்காமலிருக்கிறார் என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டபோது முதல் வார்த்தையாக அவர் சொன்னது இதுதான்:

"டாக்டரய்யா, நான் நடிக்கலை. அதை மட்டும் இவுககிட்டச் சொல்லிட்டுப் போங்க. கை வந்தா வருது, வராட்டிப் போகுது."

ஓர் ஆண் டாக்டர் அந்த வீட்டில் ஒரு பெரிய மனுஷியின் தோளைத் தொட்டுப் பார்ப்பது அன்றைக்கு நடக்கிற காரியமில்லை. நான் தள்ளி நின்று, வீட்டுப் பெண்கள் யாரையாவது கையைத் தூக்கச் சொல்லி, பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சமையல்கார அம்மாள் தூக்கினாள். ஆச்சி லேசாக முனகியதும் பயந்துபோய்க் கையை விட்டுவிட்டாள். கை தொப்பென்று விழுந்தது. தோள் நார் கிழிந்தவர்களுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. ஆச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளும் வந்திருந்தார். அவர் பிடித்தபோதும் அதே கதைதான். அம்மா முகத்தைப் பார்த்து அழுதார், கையை விட்டுவிட்டார்.

ஒன்று மட்டும் தெளிவானது. பிறர் தூக்கினால் கை ஓரளவுக்கு ஏறுகிறது. தானாகத் தூக்கினால் அதில் பாதிகூட ஏறவில்லை. கிழிந்தது நார். அதன்மேல் கட்டிவைத்த இறுக்கமும் சேர்ந்துவிட்டது. இப்படி அறுந்ததைத் தைத்துச் சேர்க்கிறார்கள் என்று சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகைகளில் படித்திருந்தேன். நம் பக்கத்தில் அப்போது யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு இருந்தது ஒத்தடமும் பொறுமையும்தான். தவிட்டு ஒத்தடம் கொடுத்து, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொல்லி, பிறகு படுக்கவைத்து இன்னொருவர் கையை ஏந்தி மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டும். ஏந்துகிற கை நடுங்கக்கூடாது.

அந்தக் கை யாருடையது என்பதுதான் கேள்வி. அப்போதுதான் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த மெய்யம்மையைக் கவனித்தேன். ஆச்சியின் கை விழுந்த இரண்டு தடவையும் அங்கிருந்த பெண்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் மூடவில்லை. கை எங்கே தடுக்கியது, எங்கிருந்து விழுந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆச்சி, நீங்க வந்து பிடிங்க" என்றேன் மெய்யம்மையிடம்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. மெய்யம்மை வந்து, ஒரு கையால் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் தாங்கி, தூக்கினார். வலி வந்த இடத்தில் நிறுத்தினார். அவசரப்படாமல் கீழே கொண்டுவந்து வைத்தார். மாமியாரின் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

நான் வண்டி ஏறும்போதுதான் சமையல்கார அம்மாள் பின்னாலேயே வந்து விஷயத்தைச் சொன்னாள். மெய்யம்மையின் தகப்பனார் நேமத்தான்பட்டியில் இறந்துபோன அன்று இந்த வீட்டில் கல்யாணம். கல்யாணப் பெண் அந்தத் தேவகோட்டை மகள்தான். சாவுச் செய்தி கொண்டுவந்த ஆளை ஆச்சி வாசலிலேயே நிறுத்திவிட்டார். தாலி ஏறி, பந்தி முடிந்தபிறகுதான் மருமகளுக்குச் சொன்னார். மெய்யம்மை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தகப்பனாரின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் அதன்பிறகு மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீடுகளில் மருமகளுக்குத் தனி அடுப்பு உண்டு என்பதால் பேசாமலே காலம் தள்ள முடிந்திருக்கிறது.

இதைக் கேட்டபின் நான் வேறு ஆளைப் போட்டிருக்கலாம். வண்டியில் வரும்போதெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் பாசமுள்ள இரண்டு பேர் கையை விட்டுவிட்டதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். விடாமல் பிடித்தவர் பாசமில்லாதவர். எனக்குக் கைதான் வேண்டியிருந்தது. மாற்றவில்லை.

வாரத்தில் சில நாள் நான் போய்ப் பார்ப்பேன். ஆச்சி விசுப்பலகையில் படுத்திருப்பார். மெய்யம்மை வந்து கையை ஏந்துவார். பேச்சில்லாமல் எப்படி நிறுத்தச் சொல்வது? ஆச்சி இடது கையால் பலகையைத் தட்டுவார். தட்டினால் மெய்யம்மை நிறுத்துவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பாஷை. அதைக்கொண்டே கை மார்பு உயரத்திலிருந்து தோள் உயரத்துக்கு வந்தது. எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது. ஆச்சிக்குப் படவில்லை. குளிக்கும்போது தண்ணீரைத் தலையில் இன்னொருத்தி ஊற்றவேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

ஒரு காலை, நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது அந்த வீட்டிலிருந்து கார் வந்து நின்றது. ஆச்சியின் கை ஒடிந்துவிட்டது, உடனே வரச் சொன்னார்கள் என்றார் ஓட்டுநர்.

போனபோது முகப்பில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். நடுவில் ஆச்சியுடைய கணவரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியை நடத்திவந்தவர்களில் அவரும் ஒருவர். உள்ளேயிருந்து மகளின் அழுகுரல் கேட்டது.

"பகையை மனசுல வச்சுக்கிட்டு இழுத்திருக்கா. எங்காத்தா கையே போச்சு."

உள்ளே போய்ப் பார்த்தேன். ஆச்சியின் மேற்கை கன்றிக் கறுத்திருந்தது. முழங்கைக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை திரண்டு நின்றது. பார்த்தவுடன் யாருக்கும் ஒடிந்த எலும்பு என்றுதான் தோன்றும். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கையின் முன்தசையைத் தோளோடு பிடித்துவைத்திருக்கும் நார் அறுந்து, தசை கீழே சுருண்டுவிட்டது. தோள் நார் கிழிந்த வயதானவர்களுக்கு இந்த நாரும் உள்ளுக்குள்ளே தேய்ந்து நைந்துபோயிருக்கும். அது அறுபட மூர்க்கமான இழுப்பு தேவையில்லை. ஒரு பாத்திரத்தைத் தூக்கினால் போதும். மூர்க்கமாக இழுத்தாலும் அறும். அறுந்த நாரைப் பார்த்து எதனால் அறுந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆனால் நிறம் ஒன்றைச் சொன்னது. கறுப்பின் ஓரம் மஞ்சளித்து, முழங்கை வரை இறங்கியிருந்தது. அன்று காலையில் நடந்ததில் அந்த நிறம் வராது. இது முன்பே நடந்திருக்கிறது. ஆச்சி பயிற்சியின்போதும் சேலையால் மூடி மறைத்திருக்கிறார்.

மகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, மெல்லக் கேட்டேன்.

"ஆச்சி, இது இன்னைக்கு வந்ததில்லை. வெளியே பெரியவுக என்னைக் கேப்பாக. நான் என்ன சொல்லட்டும்?"

ஆச்சி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்தேன்.

பெரியவர் குரலை உயர்த்துகிறவரல்லர். அதனாலேயே அவர் பேச்சு கனமாக இருக்கும்.

"நீங்க சொல்றதுதான் முடிவு, டாக்டரய்யா. மருமக இழுத்துத்தான் போச்சுன்னா இன்னைக்கே நேமத்தான்பட்டிக்கு அனுப்பிச்சிருவோம். ரங்கூனுக்கும் தந்தி கொடுத்துருவோம். இழுத்ததுல போச்சா, இல்லையா?"

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு முகப்பில் நிற்கவேண்டி வரும். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பிக்கும். ஆனால் அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாததைச் சத்தியம்போலச் சொன்னால், நாளைக்கு இதே வாயால் இன்னொருவரைக் குற்றவாளி என்று சொல்ல வைப்பார்கள். இருக்கலாம் என்று சொன்னால் அது வைத்தியப்படி உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

எலும்பு ஒடியவில்லை என்றேன். நைந்திருந்த நார் அறுந்திருக்கிறது, அதுவும் இன்று அறுந்ததல்ல, நாளாகியிருக்கிறது, தானாகவே அறுகிற நார்தான் என்று விளக்கினேன்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். "இன்னைக்கு இழுக்கலைன்னா அன்னைக்கு இழுத்திருப்பா. தினமும் அவதானே பிடிக்கிறா?"

அப்போது இரண்டாம் கட்டு வாசலில் மெய்யம்மை வந்து நின்றார். ஆண்கள் யாரையும் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார்.

"டாக்டரய்யா, இனிமே நான் தொட மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் தன்னைக் காத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பேசவில்லை. அந்தப் பேச்சில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. எனக்கும் அந்த நேரத்தில் அதே களைப்புதான். சற்று உரக்க, உள்ளறைக்குக் கேட்கும்படியே சொன்னேன்: கறுப்பு வடிந்ததும் மறுபடி கையை அசைக்கத் தொடங்க வேண்டும். இவரைப்போல் பிடிக்க இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. இவர் விட்டால் கை பழையபடி கட்டையாகிவிடும். யாரைக் குற்றம் சொன்னாலும் அது மாறாது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினேன்.

உள்ளறைக் கதவு நகர்ந்தது. ஆச்சி இடது கையால் வலது கையை ஏந்திக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்றார். கணவரின் அண்ணன் எதிரில் அவர் ஒருநாளும் வந்து நின்றவரல்லர். சேலைத் தலைப்பு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"பெரியவுக கேக்கணும். மருமக இழுக்கலை. குளிக்கையில தண்ணி ஊத்துறவளைப் போகச் சொல்லிட்டு, செம்பை நானே தலைக்கு மேல தூக்கப் பாத்தேன். உள்ள படக்குன்னுச்சு. யாருகிட்டயும் சொல்லலை."

"சொல்றதுக்கென்ன?" என்றார் பெரியவர்.

கதவோரம் தெரிந்த தலைப்பை ஆச்சி இழுத்துக்கொண்டார்.

"இவ இத்தனை நாளாப் பாடுபட்டதை நானே கெடுத்துட்டேன்னு எப்புடிச் சொல்றது? மக இன்னைக்குப் பாத்துட்டுச் சத்தம் போட்டா. நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அன்னைக்கும் அப்புடித்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அன்றைக்கு என்றது அந்தக் கல்யாண நாளை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மகள் அழுகையை நிறுத்தினார். பெரியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் மெய்யம்மையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. திரும்பித் தன் அடுப்படிக்குப் போய்விட்டார்.

கையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைத்தான் நீங்கள் கேட்பீர்கள். அந்த உருண்டை கடைசிவரை கரையவில்லை. விசித்திரமாக, அந்த நார் அறுந்தபிறகு வலி குறைந்தது. சிலருக்கு அப்படி ஆகும். கை புருவ உயரம்வரை ஏறியது, அதற்கு மேல் ஏறவே இல்லை. இடது கையால் செம்பைத் தூக்கி, வலது கையை அடியில் கொடுத்து, ஆச்சி தானே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற அளவுக்கு வந்தது. பிறகு மகனுக்கு ஒருவழியாக ஊருக்கு வர முடிந்தது; மெய்யம்மை அவரோடு ரங்கூனுக்குப் போனார். பிடிக்க ஆளில்லாமல் கை கொஞ்சம் இறங்கிவிட்டது. நல்ல முடிவு என்று எழுதிவைக்கலாமா, கெட்ட முடிவு என்றா? தோள் வைத்தியத்தில் அப்படிப் பிரித்து எழுத எனக்கு வராது. நீங்கள் ஓய்வு எழுதும்போதும் பயிற்சி எழுதும்போதும், அந்தக் கையை வீட்டில் யார் பிடிக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கறுப்பு வடிந்தபின் நான் அந்த வீட்டுக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். மெய்யம்மைக்குச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு மருமகளின் அடுப்படி வாசலுக்குப் போனார். உள்ளே நுழையவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"மெய்யம்மை, டாக்டரய்யா வந்திருக்காக."

ஆச்சி மறுபடி கூப்பிடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அடுப்பில் ஏதோ தாளிக்கிற வாசனை வந்தது. அது அடங்கியது. வெகுநேரம் கழித்து மெய்யம்மை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஆச்சி பலகையில் படுத்தார். மெய்யம்மை முழங்கையையும் மணிக்கட்டையும் ஏந்தித் தூக்கினார். கை வெகுவாக இறுகியிருந்தது. பாதி வழியிலேயே ஆச்சியின் நெற்றி வேர்த்துவிட்டது. மெய்யம்மை நிறுத்தினார். அந்த உருண்டையைப் பார்த்தார். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

ஆச்சி இல்லையென்று தலையசைத்தார். அது பொய். அந்த உயரத்தில் அந்தத் தோள் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு எந்த நோயாளியாக இருந்தாலும், வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று கண்டித்திருப்பேன். அன்றைக்கு நான் முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மெய்யம்மை கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார்.